மலிவு ஸ்பீக்கரைப் பிரித்தால் உள்ளே என்ன இருக்கிறது?

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் மேசையில் ஒரு ஜோடி கருப்பு ஸ்பீக்கர் இருக்கிறது. தானே புயல் அடித்ததற்கு அடுத்த வருடம், 2012-ல், கடலூர் மஞ்சக்குப்பத்தில் 400 ரூபாய்க்கு வாங்கியது. கொஞ்ச நாளாகவே பாட்டு எதுவும் போடாமல் ஸ்விட்சைத் தட்டினாலே "ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல் வந்துகொண்டிருந்தது. லீவுக்கு வந்திருந்த அக்கா மகள், ஒன்பதாவது படிக்கிறாள், "மாமா, தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை பிரிச்சுப் பார்க்கலாமா?" என்று கேட்டாள். சரி என்று திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவள் கேட்ட கேள்விகளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எலக்ட்ரானிக்ஸ் படிக்காதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதுதான் நோக்கம்.

கற்றுக்கொள்வதற்காக ஒரு சாமானைப் பிரிக்க வேண்டும் என்றால் மலிவு ஸ்பீக்கரைத்தான் நான் சொல்வேன். மொபைலைத் திறந்தால் எள்ளைவிடச் சின்னதாக நூற்றுக்கணக்கில் துணுக்குகள். எது என்ன வேலை செய்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. மிக்ஸியைத் திறந்தால் ஒரு மோட்டார், அத்துடன் முடிந்தது. ஸ்பீக்கரிலோ பிளக் வழியாக நுழைகிற மின்சாரம் படிப்படியாக உருமாறி, கடைசியில் ஒரு காகிதத்தை ஆட்டுகிறது. அந்த வழி முழுவதையும் விரல் வைத்துத் தொடர்ந்து போகலாம். இந்த விலைக்குக் கொடுப்பதற்காக எங்கெங்கே காசை மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்பதும் போகிற வழியிலேயே தெரிந்துவிடும்.

முதலில் பாதுகாப்பு. பிளக்கைப் பிடுங்காமல் ஒரு திருகாணியைக்கூடத் தொடக் கூடாது. ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக் கையில் இருக்க வேண்டும். பிடுங்கிய பிறகும் சில நிமிடம் விடுங்கள். எங்கள் ஸ்பீக்கர் மாதிரி உள்ளே கனமான டிரான்ஸ்பார்மர் இருக்கும் வகையில், 230 வோல்ட் அந்த டிரான்ஸ்பார்மரின் முதல் பக்கத்தோடு நின்றுவிடும். அதைத் தாண்டி இருப்பதெல்லாம் பத்துப் பதினைந்து வோல்ட்தான். ஆனால் சில ஸ்பீக்கர்களில் டிரான்ஸ்பார்மருக்குப் பதில் மொபைல் சார்ஜரில் இருப்பது போன்ற எஸ்எம்பிஎஸ் போர்டு இருக்கும். அதில் உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை ஏறி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும். அந்த வகையாக இருந்தால் புதியவர்கள் மூடி வைத்துவிடுவது நல்லது. சிறுவர்கள் தனியாகச் செய்ய வேண்டாம், பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

இரண்டு பெட்டியையும் கையில் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். ஒன்று கனம், ஒன்று லேசு. வால்யூம் திருகி இருக்கிற பெட்டிதான் கனம். மூளையும் சோறும் அதற்குள்தான் இருக்கின்றன. இன்னொன்றில் வெறும் ஒரு ஸ்பீக்கரும் இரண்டு வயரும் மட்டும். ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் அடக்கிவிட்டால் ஒரு போர்டு போதும், ஒரு டிரான்ஸ்பார்மர் போதும். மலிவு ஸ்பீக்கர் பெரும்பாலானவற்றில் இதே ஏற்பாடுதான்.

பின்பக்கம் நான்கு திருகாணி. இரண்டு கண்ணுக்குத் தெரிந்தன, மற்ற இரண்டு அடியில் ஒட்டிய ரப்பர் காலுக்குள் ஒளிந்திருந்தன. திருகாணி எல்லாவற்றையும் கழற்றியும் பெட்டி பிரியவில்லை என்றால் பலத்தைக் காட்ட வேண்டாம், எங்கேயோ இன்னொன்று இருக்கிறது. எங்களுடையதில் ஒரு திருகாணி துருப்பிடித்து நகர மறுத்தது. கடலில் இருந்து மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் வீடு. உப்புக் காற்று எதையும் விடாது. ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் கழித்துத் திருகினால் வந்துவிட்டது.

திறந்ததும் முதலில் கண்ணில் படுவது டிரான்ஸ்பார்மர். அடுக்கடுக்கான இரும்புத் தகடு, நடுவே மஞ்சள் டேப் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள். உண்மையில் அதற்குள் இரண்டு சுருள் இருக்கிறது. ஒன்றுக்கொன்று தொடர்பே கிடையாது, இரும்பை மட்டும் பொதுவாகப் பகிர்ந்துகொள்கின்றன. 230 வோல்ட் வரும் சுருளில் ஆயிரக்கணக்கில் மெல்லிய சுற்று, வெளியே போகும் சுருளில் கொஞ்சம் தடித்த கம்பியில் குறைவான சுற்று. சுற்று எத்தனை மடங்கு குறைகிறதோ, வோல்ட்டும் கிட்டத்தட்ட அத்தனை மடங்கு குறையும். மல்டிமீட்டரில் ஓம், அதாவது மின்தடை பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியும்: மெயின் பக்கம் நூற்றுக்கணக்கில் ஓம், மறுபக்கம் ஒன்றிரண்டு ஓம். எங்கள் டிரான்ஸ்பார்மர் மேல் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருந்தது: 9 வோல்ட், 500 மில்லி ஆம்ப். இந்த இரண்டு எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

டிரான்ஸ்பார்மரில் இருந்து வருவது ஏசி. விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் திசை மாறிக்கொண்டே இருக்கும். போர்டுக்குத் தேவை டிசி, ஒரே திசையில் போக வேண்டும். அதற்குத்தான் நான்கு டயோடு. கருப்பு உடம்பு, ஒரு ஓரத்தில் வெள்ளிக் கோடு, அரிசியைவிடக் கொஞ்சம் பெரியது. மேலே 1என்4007 என்று அச்சிட்டிருக்கும். இதன் விலை ஒன்றிரண்டு ரூபாய். சைக்கிள் டியூப் வால்வு காற்றை உள்ளே விட்டு வெளியே விடாதது போல, டயோடு மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும். நான்கையும் ஒரு முறையில் பிணைத்தால், எதிர்த்திசையில் வரும் பாதியும் திருப்பிவிடப்பட்டு ஒரே திசைக்கு வந்துவிடும்.

ஆனால் வெளியே வருவது சீரான ஓட்டம் இல்லை. விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும் மேடு பள்ளம். ஏசியில் 50 தானே, இங்கே எப்படி 100 என்று அவள் சரியாகக் கேட்டாள். மேலே ஒரு பாதி, கீழே ஒரு பாதி என்று ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு பாதி உண்டு. இரண்டும் இப்போது மேல் பக்கம் வந்துவிட்டன, ஆகவே 100.

இந்த மேடு பள்ளத்தை நிரவுவதுதான் பெரிய கெப்பாசிட்டரின் வேலை. தெருக்குழாயில் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம்தான் வருகிறது. ஆனால் மாடியில் தொட்டி இருக்கும் வீட்டில் குழாயைத் திறந்தால் எப்போதும் வரும். தொட்டி இருப்பதால்தான் அது முடிகிறது. கெப்பாசிட்டரும் அப்படித்தான்: மேடு வரும்போது நிரம்பிக்கொள்ளும், பள்ளம் வரும்போது தன்னிடம் இருப்பதைக் கொடுக்கும். எங்களுடையதில் 1000 மைக்ரோ ஃபாரட், 16 வோல்ட் என்று எழுதிய, சுண்டுவிரல் பருமன் உருளை ஒன்று இருந்தது. மைக்ரோ ஃபாரட் என்பது தொட்டியின் கொள்ளளவு, வோல்ட் என்பது அது தாங்கும் எல்லை.

"மாமா, இது மேல மட்டும் உப்பியிருக்கே?"

அதுதான் எங்கள் இரைச்சலின் காரணம். நல்ல கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்கும். தலையில் கூட்டல் குறி போல ஒரு கீறல் போட்டிருப்பார்கள். உள்ளே அழுத்தம் கூடினால் வெடித்துச் சிதறாமல் அந்தக் கீறல் வழியாகப் பிதுங்கட்டும் என்பதற்காக. எங்களுடையது பொங்கல் பானை மாதிரி மேலே எழும்பி இருந்தது. இந்த வகைக் கெப்பாசிட்டருக்குள் ஈரமான ஒரு திரவம் ஊறிய காகிதம் இருக்கிறது. சூட்டில் வருடக் கணக்கில் அது காய்ந்துபோகும். வண்டல் படிந்து பாதி தூர்ந்த தொட்டி எப்படி முன்பு போலத் தண்ணீர் பிடிக்காதோ, அப்படி இதுவும் பிடிக்காது. மேடு பள்ளம் நிரவப்படாமல் அப்படியே உள்ளே போகிறது. விநாடிக்கு 100 அசைவு, அதுதான் காதில் விழும் அந்த "ம்ம்ம்".

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பிரிப்பதற்கு முன்பே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வால்யூமை முழுக்கக் குறையுங்கள். இரைச்சல் குறையாமல் அப்படியே இருந்தால் கோளாறு பெரும்பாலும் இந்த மின்சாரப் பகுதியில். வால்யூமோடு சேர்ந்து அதுவும் ஏறி இறங்கினால் கோளாறு அதற்கு முன்னால், அதாவது கம்ப்யூட்டரில் இருந்து வரும் வயரிலோ ஜாக்கிலோ. வயர் பிய்ந்த ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு கெப்பாசிட்டரை மாற்றி ஏமாந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஐசி, ஒரு முழு சர்க்யூட்டையே ஒரு சில்லுக்குள் அடக்கியது. பதினாறு கால் உள்ள கருப்புப் பூச்சி. டிஇஏ 2025பி என்று லென்ஸ் வைத்துப் படித்தோம். மலிவு ஸ்பீக்கர்களில் அடிக்கடி கண்ணில் படும் ஆம்ப்ளிஃபயர் ஐசி இது. இதில் நடுவில் இருக்கும் நான்கு கால் போர்டில் ஒரு அகலமான செம்புப் பட்டையோடு சேர்ந்திருக்கும். சூட்டை அந்தச் செம்பு வழியாகவே இறக்கிவிடுவதால் தனியாக அலுமினியத் தகடு வைக்கத் தேவை இல்லை. அது ஒரு மிச்சம், ஆனால் புத்திசாலித்தனமான மிச்சம். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆம்ப்ளிஃபயர் சிக்னலைப் பெரிதாக்குகிறது என்று எல்லோரும் சொல்கிறோம். சின்ன சிக்னல் ஏதோ ஊதிப் பெரிதாவது போல மனதில் ஒரு படம் வரும். அது சரியான படம் இல்லை. நம்ம ஜில்லாவில் வீராணம் ஏரி இருக்கிறது. அங்கே மதகின் பலகையை ஒரு ஆள் திருகி ஏற்றுகிறார், இறக்குகிறார். அவர் கையில் இருக்கும் பலம் கொஞ்சம்தான். ஆனால் அவர் கை அசைகிற அளவுக்கு ஏரித் தண்ணீர் கூடியும் குறைந்தும் வாய்க்காலில் பாய்கிறது. தண்ணீர் அவருடையது இல்லை, ஏரியுடையது. கம்ப்யூட்டரில் இருந்து 3.5 மில்லிமீட்டர் ஜாக் வழியாக வரும் சிக்னல் அந்த ஆளின் கை. அது ஒரு வோல்ட் அளவுக்குள்தான் இருக்கும், காகிதத்தை ஆட்டும் தெம்பு அதற்கு இல்லை. டிரான்ஸ்பார்மரும் கெப்பாசிட்டரும் சேர்த்து வைத்திருப்பதுதான் ஏரி. ஐசி என்பது மதகு. சிக்னலின் ஏற்ற இறக்கத்தை அப்படியே பின்பற்றி, ஏரியில் இருந்து ஸ்பீக்கருக்குத் திறந்துவிடுகிறது.

இதைப் புரிந்துகொண்டால் அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் வாட் கணக்கைப் பிடித்துவிடலாம். ஏரியில் இருப்பதற்கு மேல் வாய்க்காலில் பாய முடியாது. எழுதி வைத்த காகிதத்தை எடுக்கச் சொன்னேன். 9 வோல்ட்டை 0.5 ஆம்பால் பெருக்கினாள்: 4.5. இந்த டிரான்ஸ்பார்மரால் தொடர்ந்து கொடுக்க முடிந்த மொத்தமே அவ்வளவுதான். அதில் ஐசி சூடாவதற்கு ஒரு பங்கு போய்விடும். மிச்சத்தை இரண்டு பெட்டியும் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு வாட் சொச்சம். அட்டைப்பெட்டியைப் பரணில் இருந்து எடுத்துப் பார்த்தோம். 400 வாட் பிஎம்பிஓ, அதாவது ஒரு கணம் எட்டும் உச்ச வாட், என்று பெரிய எழுத்தில் இருந்தது. பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட் எடுக்கும். 400 வாட் என்றால் ஐந்து ஃபேன். சுண்டுவிரல் அளவு கெப்பாசிட்டரும் நூல் மாதிரி வயரும் அதைத் தாங்குமா? பிஎம்பிஓ என்பதை அளக்க எல்லோரும் ஏற்றுக்கொண்ட முறை எதுவும் கிடையாது, ஆகவே எந்த எண்ணையும் போடலாம். வாங்கும்போது ஆர்எம்எஸ் என்று போட்டிருக்கும் வாட்டை, அதாவது தொடர்ந்து கொடுக்க முடிந்ததை, மட்டும் பாருங்கள். அது எழுதப்படவே இல்லை என்றால், அதில் இருந்தே விஷயம் புரிந்துவிடும்.

ஒரு வாட் என்றால் குறைவு என்றும் நினைக்க வேண்டாம். மேசையில் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து கேட்க அது தாராளம். வாட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும், காதுக்குக் கொஞ்சம் கூடினது போலத் தெரியும். சத்தம் இரண்டு மடங்கானது போலத் தோன்ற வேண்டுமானால் கிட்டத்தட்ட பத்து மடங்கு வாட் வேண்டும்.

ஐசிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இன்னும் இரண்டு கெப்பாசிட்டர் நிற்கின்றன, பக்கத்துக்கு ஒன்று. இந்த ஐசியின் வெளிவாசலில் பாட்டு இல்லாதபோதும் ஐசிக்கு வரும் வோல்ட்டில் பாதி அளவு டிசி நின்றுகொண்டே இருக்கும். அது ஸ்பீக்கருக்குள் போனால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் சூடாகிவிடும். கெப்பாசிட்டர் டிசியை மறித்து, ஆடும் சிக்னலை மட்டும் விடும். ஆனால் மெதுவாக ஆடும் சிக்னலையும், அதாவது பேஸ் சத்தத்தையும், அது கொஞ்சம் மறிக்கும். எவ்வளவு மறிக்கும் என்பது அதன் அளவைப் பொறுத்தது. 4 ஓம் ஸ்பீக்கருக்கு 470 மைக்ரோ ஃபாரட் போட்டால் சுமார் 85 ஹெர்ட்ஸுக்கு, அதாவது விநாடிக்கு 85 அசைவுக்குக் கீழே சத்தம் வடிய ஆரம்பிக்கும். எங்களுடையதில் இருந்தது 220. அப்படியென்றால் 180 ஹெர்ட்ஸிலேயே வடிய ஆரம்பித்துவிடும். தவிலில் வலந்தலை கணீரென்று கேட்கும், தொப்பிப் பக்கம் சவசவ என்று போய்விடும். இத்தனை வருடம் கல்யாண நாதஸ்வரப் பதிவுகளை இதில் கேட்டு, பதிவே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். ஒன்றிரண்டு ரூபாய் மிச்சம் பிடித்ததற்குக் கொடுத்த விலை இது. எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

வால்யூம் திருகியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். உள்ளே லாட வடிவில் ஒரு கரித்தடம், அதன் மேல் நகரும் ஒரு உலோக நாக்கு. இடது வலது இரண்டுக்கும் சேர்த்து இரண்டு அடுக்கு, ஆகவே ஆறு கால். திருகும்போது கரகரவென்று சத்தம் வந்தால் தடத்தில் தூசி படிந்திருக்கிறது என்று அர்த்தம். கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே இரண்டு சொட்டு விட்டு இருபது தடவை அப்படியும் இப்படியும் திருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இனி முன்பக்கம். வலைத்துணியை எடுத்ததும் இரண்டு வட்டம் தெரிந்தது. கீழே மூன்று இன்ச் ஸ்பீக்கர், மேலே வெள்ளி நிறத்தில் சின்னதாக ஒரு குமிழ். கீச்சுக் குரலுக்குத் தனியாக ட்வீட்டர் வைத்திருக்கிறார்கள் என்றுதான் நானும் இத்தனை நாள் நம்பினேன். அவள் பெட்டியின் உள்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தாள். பெரிய ஸ்பீக்கருக்கு இரண்டு வயர் போகிறது. சின்னதற்கு வயரே இல்லை. பின்னால் காந்தமும் இல்லை. பிளாஸ்டிக்கில் குமிழ் மாதிரி அச்சு வார்த்து வெள்ளி பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். அவள் அதை நகத்தால் தட்டித் தட்டிப் பார்த்தாள், வெறும் டப்பாச் சத்தம். உண்மையான ட்வீட்டர் என்றால் குறைந்தபட்சம் ஒரு கெப்பாசிட்டர் வழியாகவாவது வயர் வரும். கனமான சத்தம் அதற்குள் போய் அதைக் கெடுக்காமல் இருக்க அது தேவை. மிச்சம் பிடிப்பது வேறு, இல்லாததை இருப்பதாகக் காட்டுவது வேறு. இரண்டாவதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

பின்பக்கம் உள்ள ஓட்டை பற்றியும் கேட்டாள். காலி சோடா பாட்டில் வாயில் ஊதினால் "பூம்" என்று ஒரு சத்தம் வரும் இல்லையா, அதே தத்துவம்தான். பெட்டியின் அளவையும் குழாயின் நீளத்தையும் கணக்காக வைத்தால் பேஸ் சத்தத்துக்கு அது தோள் கொடுக்கும். எங்களுடையதில் குழாய் இல்லை, வெறும் ஓட்டை மட்டும்.

ஸ்பீக்கரின் உள்ளே பார்க்க வேண்டும் என்றால் ஒன்றைக் கிழித்துத்தான் ஆக வேண்டும். நல்ல ஸ்பீக்கரைக் கிழிக்க மனம் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறிப் புதுச்சேரி போனோம். காந்தி வீதியில் சண்டே மார்க்கெட். பழைய சார்ஜர், ரிமோட், கீபோர்டு எல்லாம் குவித்து வைத்திருந்த ஒருவரிடம், ஒரு பக்கம் மட்டும் பாடும் யுஎஸ்பி ஸ்பீக்கர் ஒரு ஜோடி 80 ரூபாய்க்குக் கிடைத்தது. பாடாத பெட்டியின் ஸ்பீக்கரைக் கழற்றி மீட்டர் வைத்தோம். 4 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கரில் மூன்றரை ஓம் போலக் காட்ட வேண்டும். எதுவுமே காட்டவில்லை. கம்பி எங்கேயோ அறுந்துவிட்டது. கிழிக்க ஏற்றது.

பிளேடால் காகிதக் கூம்பின் ஓரத்தைச் சுற்றி அறுத்தாள். கூம்புக்கு அடியில் மஞ்சள் நிறத்தில், அப்பளப் பூ போல மடிப்பு மடிப்பாக ஒரு துணி வளையம். இதை ஸ்பைடர் என்பார்கள். கூம்பு முன்னும் பின்னும் போகலாம், பக்கவாட்டில் மட்டும் சாயக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது இந்தத் துணிதான். அதையும் அறுத்ததும் கூம்பு கையோடு வந்துவிட்டது. கூம்பின் அடியில் ஒரு சின்னக் காகிதக் குழல். குழலின் மேல் தலைமுடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பி, ஒரு சுற்றுகூட ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல், அவ்வளவு நேர்த்தியாகச் சுற்றியிருந்தது. இந்தச் சுருள்தான் வாய்ஸ் காயில். ஸ்பீக்கரின் உயிர் இது. 80 ரூபாய்ச் சாமானுக்குள் இப்படி ஒரு வேலைப்பாடு இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

குழல் வெளியே வந்த இடத்தில், காந்தத்தின் நடுவே வட்டமாக ஒரு மெல்லிய பள்ளம் தெரியும். அகலம் ஒரு மில்லிமீட்டர் போலத்தான் இருக்கும். வளையக் காந்தத்தின் பலம் முழுவதும் இரும்புத் தகடுகள் வழியாக அந்தப் பள்ளத்தில் வந்து குவிகிறது. காயில் அங்கே எதையும் தொடாமல் மிதந்துகொண்டிருக்கும். காயிலில் மின்சாரம் பாய்ந்தால் அதுவும் ஒரு காந்தமாகிறது. ஒரு திசையில் பாய்ந்தால் பெரிய காந்தம் அதை வெளியே தள்ளும், திசை மாறினால் உள்ளே இழுக்கும். பள்ளிக்கூடத்தில் ஃபிளெமிங் இடக்கை விதி என்று மூன்று விரலை நீட்டிப் படித்தோமே, அது இதேதான். காயில் போகும், கூம்பும் கூடவே போகும், கூம்பு காற்றைத் தள்ளும். விநாடிக்கு 440 தடவை போய் வந்தால் அது ஒரு ஸ்வரம். 1925-ல் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக்கில் இருந்த செஸ்டர் ரைஸும் எட்வர்டு கெல்லாக்கும் இந்த அமைப்பை விவரித்துக் கட்டுரை எழுதினார்கள். நூறு வருடம் ஆகிவிட்டது, அடிப்படை இன்றும் அதுதான்.

இதைக் கண்ணால் பார்க்க நல்ல ஸ்பீக்கர் ஒன்றும், கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் பேட்டரியும் போதும். ஸ்பீக்கரை மல்லாக்க வைத்து, அதன் பிளஸ் முனையில் பேட்டரியின் பிளஸ்ஸையும் மைனஸில் மைனஸையும் ஒரு கணம் தொடுங்கள். "டக்" என்று கூம்பு மேலே எழும். பேட்டரியைத் திருப்பித் தொட்டால் கீழே இறங்கும். ஒரு விநாடிக்கு மேல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். அவள் இதை எத்தனை தடவை செய்தாள் என்று எண்ணவில்லை. அப்புறம் நான் பேட்டரியை வாங்கி வைத்துவிட்டு, மீட்டரை ஏசி மில்லி வோல்ட்டில் வைத்து அதே முனைகளில் மாட்டி, கூம்பை விரலால் மெதுவாகத் தட்டச் சொன்னேன். மீட்டரில் எண் துள்ளியது. மின்சாரம் கொடுத்தால் அசைகிறது, அசைத்தால் மின்சாரம் கொடுக்கிறது. ஸ்பீக்கரை மைக்காகவும் பயன்படுத்தலாம் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் தேவையில்லை.

சரி, கம்பி எங்கே அறுந்தது? கூம்பின் முதுகில், காயில் கம்பியும் வெளியே போகும் பின்னல் கயிறும் சேரும் இடத்தில் பச்சை பூத்திருந்தது. நூலில் செம்பு இழை சேர்த்துப் பின்னிய கயிறு அது. ஆயிரக்கணக்கான தடவை மடங்கினாலும் அறாமல் இருப்பதற்காக அப்படிப் பின்னுவார்கள். கயிறு நன்றாகத்தான் இருந்தது. உப்புக் காற்று பட்டு அரித்துப்போனது அந்த மெல்லிய கம்பியின் முனை. கடற்கரை ஊர்களில் ஸ்பீக்கர் இப்படித்தான் அதிகம் சாகிறது. இன்னொரு எதிரியும் உண்டு. சின்ன வயதில் தேவனாம்பட்டினம் பீச்சில் ஸ்பீக்கர் காந்தத்தை மணலில் இழுத்துக்கொண்டே போனால் கருப்பு மணல் மீசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். அது இரும்புச் சத்துள்ள மணல். அதில் நாலு துகள் அந்தப் பள்ளத்துக்குள் விழுந்தால் போதும், காயில் உரசி ஒவ்வொரு பாட்டும் கரகரக்கும், வெளியே எடுக்கவே முடியாது. பிரித்த ஸ்பீக்கரைச் செய்தித்தாள் விரித்து அதன் மேல் வையுங்கள், வெறும் தரையில் வைக்காதீர்கள்.

யுஎஸ்பி ஜோடியின் போர்டு கட்டைவிரல் நகம் அளவுதான். டிரான்ஸ்பார்மர் இல்லை, டயோடு இல்லை, கம்ப்யூட்டரில் இருந்தே 5 வோல்ட் டிசி வந்துவிடுகிறது. பிஏஎம்8403 என்று ஒரு குட்டி ஐசி. பழைய ஐசி மதகைப் பாதி திறந்து பாதி மூடி ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும், அதில்தான் அது சூடாகிறது. இந்தப் புது வகை மதகை முழுக்கத் திறக்கும், முழுக்க மூடும், விநாடிக்கு லட்சக்கணக்கான தடவை. திறந்திருக்கும் நேரத்தை மட்டும் கூட்டிக் குறைக்கும். சூடு வெகு குறைவு. பழைய யுஎஸ்பி போர்ட் 500 மில்லி ஆம்ப் கொடுக்கும், 5 வோல்ட்டால் பெருக்கினால் 2.5 வாட். இதற்கும் மேல் எந்த எண்ணைப் போட்டிருந்தாலும் நம்ப வேண்டாம். இந்த வகையில் கவனிக்க வேண்டியது ஒன்று: இரண்டு ஸ்பீக்கரின் மைனஸ் வயர்களையும் ஒன்றாக முறுக்கிவிடக் கூடாது. பழைய வகையில் அது பரவாயில்லை, இதில் ஐசி போய்விடும்.

பழைய ஜோடிக்குத் திரும்பினோம். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடையில் 1000 மைக்ரோ ஃபாரட் 25 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று, 220 இருந்த இடத்துக்கு 470 மைக்ரோ ஃபாரட் இரண்டு, மூன்றும் சேர்த்து 30 ரூபாய்க்குள் முடிந்தது. 16 வோல்ட்டுக்குப் பதில் 25 வாங்கியதற்குக் காரணம் உண்டு. 9 வோல்ட் ஏசியின் உச்சி 12.7 வோல்ட், மெயின் கொஞ்சம் ஏறினால் இன்னும் கூடும். 16 என்பது மயிரிழையில் நிற்பது. இந்த மின்சாரப் பகுதிக் கெப்பாசிட்டருக்கு மைக்ரோ ஃபாரட் அதே இருக்க வேண்டும், வோல்ட் அதிகமாக இருக்கலாம், குறைவாக இருக்கவே கூடாது. உடம்பில் வெளிர்நிறப் பட்டை இருக்கும் கால்தான் மைனஸ். மாற்றிப் போட்டால் வெடிக்கும், ஆகவே பழையதைக் கழற்றும் முன்பே மொபைலில் போட்டோ எடுத்து வையுங்கள். ஈயத்தை இளக்கும்போது ஒரு காலில் மூன்று விநாடிக்கு மேல் சூட்டை வைத்தால் போர்டின் செம்புத் தடம் உரிந்து வந்துவிடும். மலிவு போர்டில் அது ரொம்ப சீக்கிரம் உரியும்.

மூடிவிட்டு ஸ்விட்சைப் போட்டோம். இரைச்சல் இல்லை. காதை வலைத்துணியில் ஒட்டி வைத்தால் மட்டும் மெல்லிய உஸ் சத்தம். தவில் போட்டோம். தொப்பிச் சத்தம் முன்பைவிட உருண்டு வந்தது, மூன்று இன்ச் கூம்பால் முடிந்த அளவுக்கு.

யுஎஸ்பி ஜோடிக்கு இன்னும் ஒரு ஸ்பீக்கர் வாங்க வேண்டும். வட்டத்தின் அளவு அதே, 4 ஓம், 3 வாட் வரை தாங்குவது. ஓம் குறைவானதைப் போட்டால் ஐசி திணறும். மாட்டும்போது பேட்டரி வைத்துப் பார்த்து, கூம்பு வெளியே வரும் முனையில் ஸ்கெட்ச் பேனாவால் பிளஸ் குறி போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு பெட்டியில் நேராகவும் ஒரு பெட்டியில் மாற்றியும் கொடுத்துவிட்டால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும், பாடுகிறவரின் குரல் நடுவில் நிற்காமல் எங்கேயோ கலைந்து கேட்கும். குறி போட வேண்டிய பேனாவை அவள் இப்போதே எடுத்து வைத்துவிட்டாள்.